கேட்டால் சொல்கிறேன்: துப்பாக்கிச் சட்டமும் போய்ச் சேராத படிவமும்

போன இதழில் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் ஒரு வரி எழுதினேன்: "துப்பாக்கி விஷயத்தில் நிபுணர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்பது பாதிதான் உண்மை." இரண்டு வருடமாக இன்சூரன்ஸ், சர்க்கரை, மெடிகேர் என்று நான் எழுதிய பதில்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வரிக்கு வந்ததை எட்டாது. ஆகவே இந்த மாதம் பக்கம் முழுக்க இதுதான்: ஒருவன் துப்பாக்கியோடு வந்து பல பேரைச் சுடுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலச் சுகாதாரத் துறையில் 23 வருடம் இறப்புச் சான்றிதழ்களுக்குக் குறியீட்டு எண் போட்டு ஓய்வு பெற்றவள். அதனால் எந்தப் பிரச்சினையைக் கொடுத்தாலும் "படிவத்தை யார் நிரப்பினார்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். இன்னொன்று, சுட்டவர்கள் யாருடைய பெயரும் இந்தப் பக்கத்தில் வராது. பெயர் பரவட்டும் என்றே சுட்டவர்கள் அவர்களில் உண்டு. அந்த உதவியை நான் செய்வதாக இல்லை.

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். பையன் நாலாம் வகுப்பு. இங்கே யுவால்டி பள்ளியில் ஒருவன் சுட்டு 19 குழந்தைகளும் இரண்டு டீச்சர்களும் செத்த நாளிலிருந்து வீட்டில் ஓயாத வாக்குவாதம். எந்தச் சட்டமும் உதவாது என்கிறார் இவர். எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்க வேண்டும் என்கிறேன் நான். நிபுணர்கள் உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்?
— ஒரு நாலாம் வகுப்பு அம்மா

பதில்: உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அளந்தே பார்த்திருக்கிறது. துப்பாக்கிக் கொள்கை தெரிந்த 95 பேரைப் பிடித்தார்கள். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அதில் உண்டு. ஒவ்வொரு சட்டமாகச் சொல்லி, இது வந்தால் கொலை எவ்வளவு குறையும், தற்கொலை எவ்வளவு குறையும், ஒரே சம்பவத்தில் பல பேர் சாவது எவ்வளவு குறையும் என்று எண்ணாகவே கேட்டார்கள். 2018ல் முடிவு வந்தது. எது குறைய வேண்டும் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தைகள் சாகக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நினைக்கிறார்கள். இந்தச் சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்ற கணிப்பில்தான் சண்டை. அதாவது உங்கள் வீட்டுக்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அவருடைய கணக்கு வேறு. அந்தக் கணக்கை உட்கார்ந்து சரிபார்க்கலாம். கல்நெஞ்சை என்ன செய்ய முடியும்?

சில விஷயங்களில் இரண்டு அணியும் கைகோத்ததையும் கவனியுங்கள். துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கும் ஆளின் கையில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப வாங்குவது அவற்றில் ஒன்று. பட்டிமன்ற மேடைக்கு ஏற்ற தலைப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ தொலைக்காட்சியில் யாரும் இதைப் பேசுவதில்லை.

சரி, கணிப்பை விடுங்கள், நிரூபணம் எங்கே என்பீர்கள். அதே ராண்ட் பல வருடங்களாக எல்லா ஆய்வுகளையும் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறது. கும்பல் துப்பாக்கிச்சூடு (ஒருவன் பல பேரைச் சுடுவதைச் சொல்கிறேன், ரவுடிக் கும்பல் சுடுவதை அல்ல) என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் பெரும்பாலான சட்டங்களுக்கு எதிரே "முடிவாகச் சொல்ல முடியாது" என்றே எழுதியிருக்கும். கட்டுப்பாட்டுக்கு எதிரானவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு "பார், பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்பார்கள். அப்படி ஆகவில்லை. தராசில் போட அரிசியே இல்லாதபோது எடை எப்படித் தெரியும்?

அரிசி ஏன் இல்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. 1996ல் ஆர்கன்சா மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜே டிக்கி ஒரு வாசகத்தை நிதிச் சட்டத்தில் சேர்த்தார்: நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டச் செலவழிக்கக் கூடாது. ஆராய்ச்சி கூடாது என்று அதில் இல்லை. ஆனால் அந்த மையம் முந்தைய வருடம் துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்குச் செலவழித்த 26 லட்சம் டாலரைக் கச்சிதமாகக் கழித்துக்கொண்டு பட்ஜெட் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பாஷை நன்றாகப் புரியும். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. டிக்கியே பிற்காலத்தில் வருந்தி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012ல் பத்திரிகையில் எழுதினார். 2019 டிசம்பரில்தான் சிடிசிக்கும் இன்னொரு மத்திய அமைப்புக்குமாகச் சேர்த்து 2.5 கோடி டாலரை மறுபடி ஒதுக்கினார்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் அறுநூற்றுக்கும் மேல் கும்பல் துப்பாக்கிச்சூடு என்கிறது ஒரு செய்தி, பன்னிரண்டு என்கிறது இன்னொன்று. யார் பொய் சொல்கிறார்கள்?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். இது என் பழைய தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வன்முறை ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு, சுட்டவரை விட்டுவிட்டு நான்கு பேர் மீது குண்டு பட்டாலே ஒன்று என்று எண்ணுகிறது. யாரும் சாக வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் 2023ல் 650க்கு மேல். மதர் ஜோன்ஸ் பத்திரிகை பொது இடத்தில் மூன்று பேராவது செத்திருக்க வேண்டும் என்கிறது. ரவுடிக் கும்பல் தகராறு, கொள்ளை, குடும்பத்துக்குள் நடந்தது எல்லாவற்றையும் கழித்துவிடும். அதில் அதே வருடம் ஒரு டஜன். விருந்தில் மூண்ட சண்டையில் ஐந்து பேர் காலில் குண்டு வாங்கினால் முதல் பட்டியலில் வரும், இரண்டாவதில் வராது. அப்பா ஒருவர் மனைவி, பிள்ளைகள் என்று நான்கு பேரை வீட்டுக்குள் கொன்றால் அதுவும் அப்படியே. எந்தப் பட்டியலை எடுக்கிறீர்களோ அதற்கு ஏற்ற சட்டம்தான் பலனளிப்பதாகத் தெரியும். ஒரு ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எத்தனை பேர் செத்தால் கணக்கில் சேர்த்தார்கள் என்ற வரியைத்தான்.

என் மேஜையில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. அதற்குக் காரணம் வேறு: கும்பல் துப்பாக்கிச்சூட்டுக்கு எங்களிடம் குறியீடே கிடையாது. கைத்துப்பாக்கியால் கொலை என்றால் எக்ஸ் 93. ரைஃபிள் என்றால் எக்ஸ் 94. என்ன துப்பாக்கி என்று யாரும் எழுதவில்லை என்றால் எக்ஸ் 95. அந்த எக்ஸ் 95ஐ எத்தனை முறை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சான்றிதழில் "துப்பாக்கிக் குண்டுக் காயம்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பத்துப் பேரோடு சேர்ந்து செத்தாலும் தனியாகச் செத்தாலும் ஆளுக்கு ஒரு தாள், ஒரு எண்.

கொலையை மட்டும் பார்க்காமல் துப்பாக்கிச் சாவுத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்தால் பாதிக்கு மேல் தற்கொலை. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். தற்கொலை 26,328, கொலை 20,958. கும்பல் துப்பாக்கிச்சூட்டில் போனவர்கள் எந்தப் பட்டியல்படி பார்த்தாலும் அந்த மொத்தத்தில் சிறு துளி. உங்கள் கேள்வியைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம் என்கிறேன்.

கேள்வி: ஏஆர்-15 என்ற ராணுவ மாதிரி ரைஃபிளை மட்டும் தடை செய்தால் போதாதா? எல்லாச் சம்பவத்திலும் அதுதானே வருகிறது?
— கல்லூரி மாணவர், கலிஃபோர்னியா

பதில்: எல்லாவற்றிலும் அது வருவதில்லை தம்பி, செய்தியில் வருவதில் அதிகம் வருகிறது. ஜிலியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966 முதல் 2019 வரை பொது இடத்தில் நான்கு பேரையாவது கொன்ற 172 பேரின் வாழ்க்கையைத் தோண்டித் தொகுத்தார்கள். அவர்களில் 77 சதவீதம் பேர் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்கள். ராணுவ மாதிரி ரைஃபிள் இருந்தது 25 சதவீதத்தினரிடம். 2007ல் வர்ஜீனியா டெக்கில் 32 பேரைக் கொன்றவனிடம் இரண்டு கைத்துப்பாக்கிகள்தான். அதில் செத்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய்ப் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர்.

1994ல் மத்திய அரசு அந்த வகை ரைஃபிள்களுக்குத் தடை போட்டது. பத்து வருடக் கெடு, 2004ல் காலாவதி. தடையை எழுதிய விதம் வேடிக்கை. பயனெட் என்ற துப்பாக்கி முனைக் கத்தியை மாட்டும் கொக்கி, குழல் முனையில் நெருப்பை மறைக்கும் மூடி என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டார்கள். கம்பெனிகள் கொக்கியை நீக்கிவிட்டு அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றன. அப்போதே புழக்கத்தில் இருந்தவற்றையும் தொடவில்லை. இந்தத் தடையால் கும்பல் சாவு குறைந்ததா என்பதற்கு ராண்ட் இன்றும் தெளிவான பதில் இல்லை என்றே எழுதுகிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதி முக்கியம். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது என்றது அது. (தோட்டா அடுக்கும் பெட்டியைச் சொல்கிறேன், நீங்கள் கையில் வைத்திருப்பதை அல்ல.) நிபுணர்கள் பேச்சில் துப்பாக்கியின் தோற்றத்தைவிட இது அதிகம் அடிபடும். ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2011 ஜனவரி 8, அரிசோனாவின் டூசான். கடை வாசலில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வந்தவன் கையில் 33 தோட்டா கொள்ளும் மேகசின். அதைக் காலி செய்ய அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்ததை மாட்டத் தடுமாறியபோது சுற்றியிருந்தவர்கள் பாய்ந்து அமுக்கினார்கள். புது மேகசினை அவனிடமிருந்து பறித்தது 61 வயதுப் பெண்மணி ஒருவர். ஆறு பேர் செத்தார்கள். கிஃபர்ட்ஸின் கணவர், அப்போது விண்வெளி வீரர், இன்று செனட்டர், மார்க் கெல்லி 2013ல் செனட் குழு முன்னால் போய் உட்கார்ந்து சொன்னார்: முதல் குண்டு தன் மனைவியின் தலையில் பாய்ந்தது. பதின்மூன்றாவது குண்டு ஒன்பது வயதுச் சிறுமி மேல். மேகசினில் பத்துதான் இருந்திருந்தால் அந்தப் பதின்மூன்றாவது வந்திருக்காது.

லூயி கிளாரேவாஸ் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2019ல் வெளியிட்ட ஆய்வு இதையே கணக்காகப் போட்டது. 1990 முதல் 2017 வரை ஆறு பேருக்குக் குறையாமல் செத்த சம்பவங்கள் 69. அவற்றில் 44ல் பெரிய மேகசின். அந்த 44ல் சராசரிச் சாவு மற்றவற்றைவிட 62 சதவீதம் அதிகம். தடை இல்லாத மாநிலங்களில் இப்படிப்பட்ட சம்பவங்கள் நடந்த விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். ராண்டும் இந்தத் தடைக்கு "ஓரளவு ஆதாரம் உண்டு" என்று ஒரு படி ஏற்றி வைத்திருக்கிறது.

எதிர்த்தரப்பையும் கேளுங்கள். ஃப்ளோரிடாவின் குற்றவியல் பேராசிரியர் கேரி கிளெக் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்படிக் கிளம்புகிறவன் இரண்டு மூன்று துப்பாக்கியும் பை நிறைய மேகசினும் கொண்டுபோகிறான், அவன் சுடும் வேகமும் அவ்வளவு இல்லை, மாற்ற ஆகும் இரண்டு மூன்று வினாடி அவனுக்குத் தடையே இல்லை என்பது அவர் வாதம். வர்ஜீனியா டெக்கில் இருந்தவை பத்துத் தோட்டா, பதினைந்து தோட்டா மேகசின்கள்தான் என்பதைப் பார்த்தால் அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் 32வது மாடியிலிருந்து ஒருவன் பத்து நிமிடத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் சுட்டான், 60 பேர் செத்தார்கள். அதைப் பத்துப் பத்தாக அவன் மாட்டிக்கொண்டிருந்தால் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. விசையைத் தானாகத் துள்ள வைத்து வேகம் கூட்டிய பம்ப் ஸ்டாக் என்ற கருவியை அரசு பிறகு தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை 6க்கு 3 என்று நீக்கிவிட்டது.

கேள்வி: துப்பாக்கி வாங்கும்போது பின்னணிச் சோதனை செய்கிறார்களே, அதில் எப்படித் தப்புகிறார்கள்?
— வாசகி, மிச்சிகன்

பதில்: பெரும்பாலும் தப்புவதில்லை, தேறுகிறார்கள். மேலே சொன்ன 172 பேரில் 77 சதவீதம் பேர் ஒரு துப்பாக்கியையாவது சட்டப்படிதான் வாங்கினார்கள். யுவால்டியில் சுட்டவன் 18 வயது பிறந்ததும் கடைக்குப் போய் முறையாக வாங்கினான்.

சட்டம் தடுத்திருக்க வேண்டியவர்களும் தேறினார்கள், அதுதான் என் வயிற்றைக் கலக்குவது. 2017 நவம்பரில் டெக்சாஸ் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர், கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து. சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய கைக்குழந்தையையும் அடித்து ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். அவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அந்தத் தண்டனை விவரத்தை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் பட்டியலுக்கு விமானப்படை அனுப்பவில்லை. கடைக்காரர் கணினியில் தட்டினார், "கொடுக்கலாம்" என்று வந்தது. 2021ல் நீதிபதி அந்தச் சாவுகளுக்கு 60 சதவீதப் பொறுப்பு அரசுடையது என்று தீர்ப்பெழுதினார்.

2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் மேல் போதைப்பொருள் வழக்கு இருந்தது. எந்தக் காவல் நிலையம் அவனைக் கைது செய்தது என்பது ஆவணத்தில் தவறாக இருந்ததால், சோதனை செய்த ஊழியர் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுக்கொள்ளலாம் என்பது சட்டம். விற்றார். வர்ஜீனியா டெக் மாணவனை ஒரு நீதிபதி 2005லேயே தனக்கே ஆபத்தானவன் என்று சொல்லி வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க உத்தரவிட்டிருந்தார். உள்நோயாளியாகச் சேர்த்தவர்களின் பெயரை மட்டும்தான் அந்த மாநிலம் அப்போது பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மூன்று சம்பவம், 67 உயிர். மூன்றிலும் சட்டம் இருந்தது, ஒரு தாள் போய்ச் சேரவில்லை. படிவ வேலையை அற்பமாக நினைத்த மேலதிகாரிகளிடம் காலம் தள்ளியவள் நான், எனக்கு இது வெறும் செய்தியாகப் படவில்லை.

இதனால்தான் கடையில் தட்டிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது என்று சொல்லும் ஆய்வாளர்கள் பெருகுகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டர் குழு 1984 முதல் 2017 வரையான சம்பவங்களை மாநில வாரியாகப் பார்த்தது. சோதனைச் சட்டம் தனியாக இருந்த இடங்களில் கும்பல் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. வாங்குமுன் காவல்துறையிடம் நேரில் போய், கைரேகை கொடுத்து, பர்மிட் பெற வேண்டும் என்ற மாநிலங்களில் குறைவு. பெரிய மேகசினைத் தடுத்த மாநிலங்களிலும் குறைவு. பர்மிட் என்றால் மனு, வரிசை, காத்திருப்பு, ஒரு அதிகாரியின் முகம். அரசு அலுவலகத்தின் மந்தகதியைப் பற்றி நான் நல்லது சொல்லும் ஒரே இடம் இது.

கேள்வி: இது மனநோய்ப் பிரச்சினைதானே? துப்பாக்கியை ஏன் குறை சொல்கிறீர்கள்?
— பெயர் வேண்டாம்

பதில்: டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். தீவிர மனநோயை நாளைக் காலை முழுவதும் ஒழித்துவிட்டாலும் நாட்டின் வன்முறையில் 4 சதவீதம்தான் குறையும் என்பது அவர் கணக்கு. மனநோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் மன நெருக்கடி வேறு. பீட்டர்சனும் டென்ஸ்லியும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சாக முடிவு செய்தவர்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் செய்யப்போவதை யாரிடமாவது முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். கேட்டவர் என்ன செய்தார் என்பதில்தான் அடுத்த கடிதம் வந்து நிற்கிறது.

கேள்வி: சிவப்புக் கொடிச் சட்டம் என்கிறார்களே, பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரன் போட்டுக்கொடுத்தால் என் துப்பாக்கியை எடுத்துப் போய்விடுவார்களா? நான் முறைப்படி லைசென்ஸ் வைத்து வேட்டைக்குப் போகிறவன்.
— இல்லினாய் வாசகர்

பதில்: பயம் நியாயமானது, நடைமுறையைச் சொல்கிறேன். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று காவல்துறையோ குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். யார் கொடுக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாகப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. நீதிபதி முதலில் சில நாளுக்குத் தற்காலிக உத்தரவு போடுவார். அப்புறம் உங்களையும் கூப்பிட்டு விசாரித்துத்தான் நீட்டிப்பதா என்று முடிவு. கெடு முடிந்தால் துப்பாக்கி திரும்ப வரும். பொய் மனுவுக்குத் தண்டனை வைத்த மாநிலங்களும் உண்டு.

பலன் உண்டா? கனெக்டிகட் 1999லேயே கொண்டுவந்தது. அங்கே பத்து முதல் இருபது பேரிடம் எடுத்தால் ஒரு தற்கொலை தவிர்கிறது என்று ஸ்வான்சன் குழு கணக்கிட்டது. கலிஃபோர்னியாவில் எமர்ஜென்சி டாக்டரும் ஆய்வாளருமான கேரன் விண்டெமியூட் கும்பல் கொலை மிரட்டல் விடுத்தவர்கள் மேல் போட்ட 21 உத்தரவுகளை எடுத்துப் பார்த்தார். அந்த 21 மிரட்டலில் ஒன்றும் நடக்கவில்லை. உத்தரவு இல்லாவிட்டாலும் நடந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம், விண்டெமியூட்டும் அதை மறுக்கவில்லை. நடக்காததை எண்ணுவது எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை. நடக்காத சாவுக்குச் சான்றிதழ் வராதே.

எனக்கு உறுத்துவது வேறு. 2022 மே மாதம் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் பத்துப் பேர் செத்தபோது அங்கே இந்தச் சட்டம் இருந்தது. முந்தைய வருடம் அந்தப் பையன் பள்ளியில் கொலை, தற்கொலை என்று எழுதிக் கொடுத்து, போலீஸ் அவனை மனநலப் பரிசோதனைக்கே அழைத்துப் போனது. யாரும் மனு போடவில்லை. 2023 அக்டோபரில் மெயின் மாநிலம் லூயிஸ்டனில் 18 பேர். அங்கே அப்போது இருந்தது இதைவிட மென்மையான மஞ்சள் கொடிச் சட்டம். சுட்டவனின் வீட்டுக்கு ஆறு வாரம் முன்பு ஷெரிஃப் அலுவலகத்தார் இரண்டு தடவை போனார்கள். அவன் கதவைத் திறக்கவில்லை, திரும்பிவிட்டார்கள். பிறகு அமைத்த விசாரணைக் குழு, அவனைக் காவலில் எடுக்கப் போதுமான முகாந்திரம் இருந்தது என்று எழுதியது. பஃபலோவுக்குப் பிறகு நியூயார்க்கில் போலீஸ் மனு போட்டே ஆக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். மனுக்கள் பல மடங்கு ஏறின. சட்டப் புத்தகத்தில் அதிகம் மாறவில்லை பாருங்கள், "போடலாம்" என்பது "போட வேண்டும்" ஆனது, அவ்வளவுதான்.

கேள்வி: டீச்சர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தால்?
— ஓய்வுபெற்ற ராணுவ வீரர், ஜார்ஜியா

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாதது இல்லை, பயிற்சி வேறு, பதற்றம் வேறு. யுவால்டியில் திரண்ட காவலர்கள் 376 பேர். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 2000 முதல் 2013 வரையான 160 சம்பவங்களை எஃப்பிஐ ஆராய்ந்தபோது, ஆயுதம் இல்லாத சாமானியர்கள் அடக்கியவை 21. போலீஸ் அல்லாத, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எதிர்த்துச் சுட்டு முடித்தவை 5. பூச்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் மாலில் 22 வயது இளைஞர் ஒருவர் பதினைந்து வினாடியில் சுட்டவனை வீழ்த்தினார், மூன்று பேரோடு நின்றது. அதைப் பார்த்து ஒரு கொள்கை வகுக்கலாமா என்பதில்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் தலையாட்ட மறுக்கிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியா ஒரே வருடத்தில் முடித்துவிட்டதே. இங்கே ஏன் முடியாது?
— வாஷிங்டன் மாநில வாசகி

பதில்: 1996 ஏப்ரலில் அங்கே போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் செத்தார்கள். 12 நாளில் எல்லா மாநிலங்களையும் பிரதமர் ஜான் ஹவர்டு சம்மதிக்க வைத்தார், அவர் வலதுசாரி என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி உருக்கியது. அதற்கு முந்தைய 18 வருடத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் செத்த சம்பவங்கள் 13. பின்வந்த 22 வருடத்தில் ஒன்றும் இல்லை. 2018ல் ஒரு குடும்பத்தில் ஏழு பேர் செத்தபோது அந்தக் கோடு முறிந்தது. துப்பாக்கிக் கொலை ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் வந்தது, சட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று அங்கேயும் சண்டை உண்டு.

அமெரிக்காவில் 2017ல் மக்கள் கையில் இருந்தது 39 கோடிக்கு மேல் என்று ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. ஆட்களைவிடத் துப்பாக்கி அதிகம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் வேறு இருக்கிறது. 2022ல் உச்ச நீதிமன்றம் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் நாட்டின் பழைய வரலாற்றில் முன்மாதிரி காட்டு என்று சொல்லிவிட்டது. சம்பவம் நடந்தால் இங்கே சட்டமும் மாறும், ஆனால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் 2020ல் காட்டினார்கள்: கும்பல் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அந்த மாநிலத்தில் துப்பாக்கி மசோதாக்கள் 15 சதவீதம் கூடுகின்றன. குடியரசுக் கட்சியின் கையில் சட்டசபை இருந்தால், விதியைத் தளர்த்தும் சட்டங்கள் 75 சதவீதம் கூடுகின்றன.

கேள்வி: அக்கா, கோபப்படாதீர்கள். போன வருடம் பாதுகாப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டோம். மகனுக்கு 15 வயது. அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் பையனுக்குப் புடவை அலமாரி தெரியும் அம்மா. பள்ளியில் சுட்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் வீட்டாரின் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போனார்கள். 2012ல் சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றவன் எடுத்தது அம்மா சட்டப்படி வாங்கி வைத்திருந்ததை. அன்று முதலில் செத்ததும் அந்த அம்மாதான். மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்டில் மகனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த நாலாவது நாள் அவன் பள்ளியில் சுட்டு நான்கு மாணவர்கள் செத்தார்கள். 2024ல் அப்பா, அம்மா இருவருக்கும் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. ராண்ட் பட்டியலில் தயக்கமே இல்லாமல் "ஆதாரம் உண்டு" என்று இருக்கும் மிகச் சிலவற்றில் ஒன்று, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம். அது தடுப்பதாகக் காட்டியிருப்பது பிள்ளைகளின் தற்கொலையையும் விபத்தையும். இன்றைக்கே பூட்டுப் பெட்டி வாங்குங்கள். தோட்டா வேறு பெட்டியில், சாவி உங்கள் உடம்பில்.

எங்கள் வீட்டில் உண்டு. என் கணவர் கேஸ் ஸ்டேஷனில் இரவு வேலை பார்த்த காலத்தில் ஒரு ரிவால்வர் வாங்கினார். நான் அந்த வேலையில் சேர்ந்து ஒரு வருடம் தாள்களைப் பார்த்த பிறகு, விற்றுவிடுங்கள் என்றேன். அவர் விற்கவில்லை. நான்கு எண் திருப்பித் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, அதில் வைத்து, கராஜ் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார். எண்ணை எனக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாண நாள், பிள்ளைகள் பிறந்த வருடம், அவர் ஊர் பின்கோடு என்று எல்லாம் திருப்பிப் பார்த்தாயிற்று. திறக்கவில்லை. பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்று மகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறாள். அதன் மேல்தான் இப்போது நான் துவைக்கிற சோப்புத் தூள் டப்பாவை வைத்துக்கொள்கிறேன்.